ஒரே ஆளுக்கு மூன்று பெயர், ஒரே நம்பருக்கு மூன்று ஆள்



போன வாரம் உங்களில் பலருக்கு என்னிடமிருந்து ஒரு ஈமெயில் வந்திருக்கும். "உன் பெயர், இப்போதைய நம்பர், இருக்கும் ஊர், பத்தாம் வகுப்பு முடித்த வருடம் எல்லாம் சரியா என்று பார்த்துச் சொல்" என்று நாலே வரி. சிலர் உடனே பதில் போட்டீர்கள். சிலர் "சார் ஈமெயிலை யாரோ ஹேக் பண்ணிட்டாங்க போல, யாரும் தொட வேண்டாம்" என்று குரூப்பில் எச்சரிக்கை விட்டீர்கள். அந்த எச்சரிக்கை உணர்வுக்கு நூற்றுக்கு நூறு மார்க். ஆனால் அனுப்பியது நான்தான். சரியாகச் சொன்னால், நான் எழுதிய ஒரு சின்ன ஸ்கிரிப்ட் என் பெயரில் அனுப்பியது. அது என்ன, எதற்கு என்று கேட்டவர்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மீன் குழம்பு கொதிக்கிற நேரத்தில் படிக்கலாம்.

என் ஜிமெயில் காண்டாக்ட்ஸில் 2,340 பதிவுகள் இருந்தன. முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு நடத்தியவனிடம் அவ்வளவு இருப்பதில் ஆச்சரியமில்லை. முதலில் டைரியில் எழுதியவை. பிறகு பட்டன் போனின் சிம்மில் ஏற்றியவை. அதிலிருந்து என் மகன் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்தவை. பிறகு போன் மாறும்போதெல்லாம் இன்னொரு பிரதியாக வந்து சேர்ந்தவை. 2,340 பதிவு என்றால் 2,340 ஆள் இல்லை. எத்தனை ஆள் என்பதுதான் கேள்வி.

இது வெறும் அலமாரி ஒதுக்குகிற வேலை என்று நினைக்காதீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் அதிகாலை, நம் ஊரில் ஒரு பெரியவர் இறந்துவிட்டார். மகன் என் மாணவன். ஓமனில் வேலை. வீட்டில் இருந்த நம்பருக்குப் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். "சார்ட்ட இருக்கும்" என்று என்னிடம் ஓடி வந்தார்கள். என்னிடம் அவன் பெயரில் மூன்று பதிவு, நாலு நம்பர். ஒன்று அவன் படிக்கிற காலத்துப் பக்கத்து வீட்டு லேண்ட்லைன். ஒன்று இப்போது வேறு யாரோ பேசுகிற நம்பர். மற்ற இரண்டும் அடிக்கவே இல்லை. ஓமனில் வேறு யார் இருக்கிறார்கள் என்று யோசித்து, இவனைக் கேட்டு அவனைப் பிடித்து, பகல் இரண்டு மணிக்குத்தான் அவன் காதுக்குச் செய்தி போனது. நாலு மணிக்கு அடக்கம். தகப்பனை அவன் கடைசியாகப் பார்த்தது வீடியோ காலில், பத்து நிமிடம்.

அன்றைக்கு ஓமனில் என் மாணவர்கள் குறைந்தது நாலு பேர் இருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. நாலு பேரும் என் பட்டியலிலேயே இருந்தார்கள். ஆனால் 'ஓமன்' என்று தேடினால் வருகிற மாதிரி ஒருவரும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரே ஆள் மூன்று பதிவாக இருப்பது எப்படி?

முதல் காரணம் நம் பெயர். வெளிநாட்டுக்காரன் செய்த எந்தப் படிவத்திலும் இரண்டு கட்டம் இருக்கும்: முதல் பெயர், கடைசிப் பெயர். தொடர்பு விவரங்களை ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற 1990-களில் வகுத்த 'வி-கார்டு' என்ற முறையில் பெயருக்கு ஐந்து அறை. குடும்பப் பெயர், சொந்தப் பெயர், நடுப்பெயர், முன்னால் ஒட்டுவது, பின்னால் ஒட்டுவது. ஐந்து அறை இருந்தும் நம் இனிஷியலுக்கு என்று ஓர் அறை இல்லை. தகப்பன் பெயரின் முதல் எழுத்து, குடும்பப் பெயரும் ஆகாது, நடுப்பெயரும் ஆகாது. ஆகையால் எம். அந்தோணி, அந்தோணி எம்., அந்தோணி மைக்கேல் என்று ஒரே பையன் மூன்று இடத்தில் உட்கார்ந்திருந்தான்.

நம் கடற்கரையில் இன்னொரு சுற்று உண்டு. 1530-களில் நம் முன்னோர் ஞானஸ்நானம் பெற்றபோது போர்த்துக்கீசியப் பெயர்களும் கூடவே வந்தன. 1542-இல் சவேரியார் இந்தக் கரைக்கு வந்தபோது அந்தப் பெயர்கள் ஏற்கெனவே இங்கே இருந்தன. அந்த ஒரு பெயரையே பர்னாந்து, பெர்னாந்து, பெர்னாண்டோ என்று மூன்று விதமாக எழுதுகிறோம். ஆங்கிலத்தில் எழுதினால் ஒருவர் எஃப் வரிசையில், ஒருவர் பி வரிசையில். இதோடு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, வீட்டில் கூப்பிடுவது ஒன்று, ஊர் வைத்த பட்டப்பெயர் ஒன்று. பட்டப்பெயரைச் சொல்லாமல் கீழவைப்பாரில் ஒரு வீட்டைக் கண்டுபிடிக்க முடியுமா? சிப்பிகுளத்துக்காரர்களும் சிரிக்க வேண்டாம், அங்கேயும் அதே கதைதான்.

பங்குக் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்திருக்கிறீர்களா? திரிதெந்து சங்கம் 1563-இல் பங்குகளில் திருமணத்தையும் ஞானஸ்நானத்தையும் பதிந்துவைக்க ஒழுங்கு செய்தது. நாள், பிள்ளையின் பெயர், தாய் தகப்பன் பெயர், ஞானத்தாய் தகப்பன் பெயர். ஒரே பேட்டையில் பத்து அந்தோணி இருந்தாலும் எந்த அந்தோணி என்று அந்த ஒரு வரி காட்டிக் கொடுத்துவிடும். அதன் சூத்திரம் எளிது: பெயரை மட்டும் நம்பாதே, உறவோடு சேர்த்து எழுது. என் ஸ்கிரிப்டுக்கும் இதைத்தான் முதல் விதியாக வைத்தேன். பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இரண்டு பதிவைச் சேர்க்கவே கூடாது.

ஸ்கிரிப்ட் என்றதும் மிரள வேண்டாம். கம்ப்யூட்டருக்கு வரிசையாகச் சொல்லி வைக்கிற கட்டளைதான். கூகுளில் 'ஆப்ஸ் ஸ்கிரிப்ட்' என்று 2009 முதல் ஒரு வசதி இருக்கிறது. இலவசம். ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுத வேண்டும். என் அக்கா மகன் மூன்று மாலை உட்கார்ந்து அடிப்படையைச் சொல்லிக் கொடுத்தான். "மாமா, ஒண்ணொண்ணா எல்லாத்தோடயும் ஒப்பிட்டுப் பாத்துரலாமே" என்றான். அவனும் கணக்கு படித்தவன்தான். கைகுலுக்கல் கணக்கு ஞாபகம் இருக்கிறதா? ஒரு அறையில் 2,340 பேர் இருந்து ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் கைகுலுக்கினால் எத்தனை கைகுலுக்கல்? 2,340-ஐ 2,339-ஆல் பெருக்கி இரண்டால் வகுத்தால் 27,36,630. இலவசக் கணக்கில் ஸ்கிரிப்ட் ஒரு தடவைக்கு ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடாது. ஏன் அத்தனை கைகுலுக்க வேண்டும்?

நம் கரையில் முத்துச் சலாபம் நடந்த காலத்தில் முத்துக்களை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுக்கொண்டா இருந்தார்கள்? பித்தளைச் சல்லடைகள் பத்து வைத்திருந்தார்கள். முதல் சல்லடையில் 20 கண், அடுத்ததில் 30, பிறகு 50, 80, 100 என்று போய்க் கடைசியில் 1,000 கண். பெரிய முத்து மேல் சல்லடையில் தங்கும், சிறியது கீழே இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு முத்தும் சல்லடையைத்தான் சந்திக்கிறது, மற்ற முத்தை அல்ல. தூத்துக்குடிச் சலாபம் 1961-உடன் நின்றுபோனது. சல்லடைக் கணக்கு நிற்கவில்லை. நானும் அப்படியே சல்லடை வைத்தேன்.

முதல் சல்லடை, போன் நம்பர். இடைவெளி, கோடு, முன்னால் இருக்கிற பூஜ்யம், கூட்டல் குறி எல்லாவற்றையும் நீக்கிவிட்டுக் கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் எடுத்தேன். பூஜ்யத்தோடு எழுதியது, 91 போட்டு எழுதியது, நடுவில் இடம் விட்டு எழுதியது மூன்றும் ஒன்றாகிவிடும். இது இந்திய நம்பருக்குச் சரி. வளைகுடா நம்பருக்கு இந்த விதி போதாது. துபாய் நம்பரை ஒருவர் 971 சேர்த்து எழுதியிருப்பார், இன்னொருவர் அங்கே அடிக்கிற மாதிரி பூஜ்யத்தில் தொடங்கி எழுதியிருப்பார். கடைசிப் பத்து இலக்கம் ஒத்து வராது. ஆகவே அவற்றைத் தனியாகப் பிரித்துக் கையால் பார்த்தேன். பழைய லேண்ட்லைன்களும் அப்படித்தான். 2000-களின் தொடக்கத்தில் லேண்ட்லைன் நம்பர்களுக்கு முன்னால் ஒரு 2 சேர்த்தார்கள். அதற்கு முன் எழுதிய நம்பரில் ஓர் இலக்கம் குறையும்.

இரண்டாவது சல்லடை, ஈமெயில். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசத்தை எடுத்துவிட வேண்டும். ஜிமெயில் முகவரியில் நடுவில் புள்ளி வைத்தாலும் வைக்காவிட்டாலும் ஒன்றுதான். அதையும் எடுத்தேன்.

மூன்றாவது சல்லடை, தமிழ் எழுத்து. இதில் ஓர் அதிசயம். 'அந்தோணி' என்று இரண்டு பதிவு. கண்ணுக்கு ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை. கம்ப்யூட்டரோ வேறு வேறு என்கிறது. என்னவென்றால், யூனிகோடில் 'தோ' என்பதன் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், இரட்டைச்சுழி உள்ள அந்தக் கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். பார்வைக்கு ஒன்று, உள்ளே வேறு. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர ஜாவாஸ்கிரிப்டில் ஒரே ஒரு கட்டளை போதும். நம் ஊரில் அந்தோணியும் ஜோசப்பும் இல்லாத வீடு எது? அந்த ஒரு வரியால் பிரிந்து கிடந்த பல பேர் ஒன்று சேர்ந்தார்கள்.

எல்லாம் முடிந்து, நிச்சயமாக ஒரே ஆள் என்று வந்தவை 584 பதிவுகள். மீதி 1,756. அதில் 287 பதிவுகள் 'ஒரே நம்பர், வேறு வேறு பெயர்' என்று வந்தன.

இந்த இடத்தில்தான் ஸ்கிரிப்டின் கையிலிருந்து பேனாவை வாங்கிக்கொள்ள வேண்டும். கூகுளே 'இவை ஒன்றா, சேர்க்கவா' என்று கேட்கும். சேர் என்று தட்டினால் முடிந்தது. ஆனால் ஒரே நம்பரில் அண்ணன், தங்கை, கடைக்குட்டி என்று மூன்று பெயர் இருக்கிறதே, மூவரும் ஒரே ஆளா? அந்த வீட்டில் அன்றைக்கு இருந்தது ஒரே போன். மூன்று பிள்ளைகளும் மூன்று வருட இடைவெளியில் என்னிடம் அதே நம்பரைக் கொடுத்தார்கள். சில நம்பர்கள் அந்த வீட்டினுடையதே இல்லை. 'பி.பி.' என்று பக்கத்தில் போட்டிருக்கும். பக்கத்து வீடு, மளிகைக் கடை, வலை பின்னுகிற கொட்டகைக்கு எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத். தகப்பன் வள்ளத்தில் போனால் போனும் கூடவே போய்விடும் என்பதால் அத்தை வீட்டு நம்பரைக் கொடுத்த பிள்ளைகளும் உண்டு. ஒரு தெருவே ஒரு நம்பரில் இருந்த காலம் அது. ஆகவே அந்த 287-ஐயும் ஸ்கிரிப்ட் தொடவில்லை. ஒரு கூகுள் ஷீட்டில் வரிசையாக எழுதி மட்டும் வைத்தது. பதினோரு நாள், காலையில் ஒரு மணி நேரம், நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் அந்தப் பதினோரு நாளும் திரும்ப வகுப்பில் நின்ற மாதிரி இருந்தது.

பிறகு லேபிள். நம்பரின் தொடக்கத்தைப் பார்த்து ஸ்கிரிப்டே போட்டது: 968 என்றால் ஓமன், 971 அமீரகம், 974 கத்தார், 973 பஹ்ரைன், 965 குவைத், 966 சவூதி. கப்பலில் இருப்பவர்கள், ரத்தம் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள், செவிலியர்கள், வக்கீல்கள் என்பதை நான் சேர்த்தேன்.

பலன் உடனே தெரிந்தது. போன பிப்ரவரியில் கத்தாரில் நம் பையன் ஒருவன் சாரத்திலிருந்து விழுந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தான். தாய்க்கு எந்த ஆஸ்பத்திரி என்றே தெரியாது. நான் 'கத்தார்' என்று தட்டினேன். ஏழு பேர். ஏழு பேருக்கும் செய்தி போட்டேன். அன்று இரவே இரண்டு பேர் கட்டில் பக்கத்தில் நின்று, தாயோடு பேச வைத்தார்கள். ஒருவன் 1998 செட், ஒருவன் 2007 செட். அதுவரை ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. பையன் இப்போது ஊரில் நடமாடுகிறான்.

இனி உங்கள் இன்பாக்ஸுக்கு வந்த ஈமெயில். 1,756 பதிவில் ஈமெயில் இருந்தது 640 பேருக்கு. இலவசக் கணக்கில் ஸ்கிரிப்ட் ஒரு நாளைக்கு 100 பேருக்குத்தான் அனுப்பும். ஆகவே ஏழு நாளாகப் போனது. 93 திரும்பி வந்தது. இரண்டு வருடம் தொடாத கணக்குகளை நீக்கலாம் என்று கூகுள் 2023-இல் அறிவித்து, அந்த டிசம்பரிலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பழைய ஈமெயில் வைத்திருக்கும் பிள்ளைகள் ஒருமுறை உள்ளே போய் வாருங்கள். அதில் உங்கள் பழைய போட்டோக்களும் இருக்கலாம்.

பயந்தவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பயத்துக்குக் காரணம் உண்டு. 2000 மே மாதம் மணிலாவிலிருந்து 'ஐ லவ் யூ' என்ற தலைப்பில் ஓர் ஈமெயில் கிளம்பியது. காதல் கடிதம் என்று திறந்தால் உள்ளே இருந்தது ஒரு ஸ்கிரிப்ட். அது அவுட்லுக் முகவரிப் புத்தகத்தைத் திறந்து, அதில் இருந்த எல்லோருக்கும் தன்னையே அனுப்பிக்கொண்டது. தெரிந்தவரிடமிருந்து வந்ததால் எல்லோரும் திறந்தார்கள். சில நாளில் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கம்ப்யூட்டர்களைத் தொட்டது. அதற்கு ஒரு வருடம் முன் வந்த 'மெலிசா' முகவரிப் புத்தகத்தின் முதல் ஐம்பது பேருக்கு அனுப்பியது. நான் செய்ததும் அதே வேலைதான்: முகவரிப் புத்தகத்தைத் திறப்பது, வரிசையாக அனுப்புவது. கத்தி ஒன்றுதான், மீன் நறுக்கவும் ஆகும், வேறு எதற்கும் ஆகும்.

இப்போது அந்த வேலையைக் கடன் ஆப்கள் செய்கின்றன. ஐயாயிரம் ரூபாய்க்கு ஆப்பை இறக்கினால் முதலில் கேட்பது காண்டாக்ட்ஸ் அனுமதி. தவணை தவறினால் பட்டியலில் இருக்கிற எல்லோருக்கும் போன் போகும். என் மாணவி ஒருத்தியின் கடனுக்காக எனக்கே போன் வந்தது. பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அந்தப் பிள்ளை ஒரு மாதம் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவில்லை. கடன் ஆப்கள் காண்டாக்ட்ஸ், போட்டோ, கால் விவரம் எதையும் தொடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதி போட்டிருக்கிறது. கேட்கிற ஆப்பை அப்போதே அழித்துவிடுங்கள். உங்கள் காண்டாக்ட்ஸ் உங்கள் சொத்து மட்டும் இல்லை. உங்களை நம்பி நம்பர் கொடுத்தவர்களின் சொத்து.

செய்ய நினைப்பவர்களுக்குச் சுருக்கமாக:

1. முதலில் முழுப் பட்டியலையும் ஏற்றுமதி செய்து ஒரு பென் டிரைவில் வையுங்கள். கூகுளில் அழித்தது முப்பது நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும், அதற்குப் பிறகு கிடைக்காது.

2. ஸ்கிரிப்டுக்கு அழிக்கிற வேலையைக் கொடுக்காதீர்கள். எழுதிக் காட்டச் சொல்லுங்கள். அழிப்பது உங்கள் விரலாக இருக்கட்டும்.

3. பத்துப் பேரை வைத்து ஓட்டிப் பாருங்கள். பிறகு நூறு. பிறகு எல்லாம்.

4. யாரோ கொடுத்த ஸ்கிரிப்டைப் புரியாமல் ஒட்டி அனுமதி கொடுக்காதீர்கள். வீட்டுச் சாவியைக் கொடுத்த மாதிரி.

5. நம்பர்களை எப்போதும் 91, 971 என்று நாட்டு எண்ணோடு எழுதுங்கள்.

6. முக்கியமான இருபது நம்பரைத் தாளில் எழுதி வையுங்கள். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டி நம் மாவட்டமே மூழ்கியதே, அன்றைக்குக் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. சார்ஜ் உள்ள போன் ஒன்று கிடைத்தாலும், யார் நம்பரும் மனப்பாடமாக இல்லை.

கடைசியாக ஒன்று. பட்டியலில் இறந்தவர்களும் இருக்கிறார்கள். என் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளைகளிலேயே சிலர். கடலுக்குப் போய்த் திரும்பாதவன், பிரசவத்தில் போனவள், பைக்கில் போனவன். ஸ்கிரிப்டுக்கு இது தெரியாது. ஒவ்வொரு வருடமும் பிறந்தநாள் என்று நினைவூட்டும். வாழ்த்தும் அனுப்பிவிடும். நிறுத்திய நம்பரைத் தொண்ணூறு நாள் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம் என்பது இங்கே நடைமுறை. நம் பிள்ளைக்கு என்று போகிற வாழ்த்து முகம் தெரியாத யாருக்கோ போய்ச் சேரும்.

"அழிச்சுரலாமே மாமா" என்றான் அக்கா மகன். நம்பரை அழித்தேன். பெயரை அழிக்கவில்லை. 'நினைவில்' என்று ஒரு லேபிள் போட்டு, பத்தாம் வகுப்பு முடித்த வருடத்தையும் பக்கத்தில் எழுதினேன். இப்போது 41 பெயர். நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று அந்த லேபிளை மட்டும் திறந்து, ஒவ்வொரு பெயராக வாய்விட்டுப் படிப்பேன், முன்பு வருகைப் பதிவு எடுத்த மாதிரி.

இப்படிக்கு,
உங்கள் கணக்கு வாத்தியார்,
கீழவைப்பார்.